கடல் கடக்காத நாணயம்

மதுரையில் ஒரு பொதுத்துறை வங்கிக் கிளையில் 16 ஆண்டுகள் பணியாற்றியவள் நான். அவற்றில் பெரும்பகுதி கடன் பிரிவில் கழிந்தது. விண்ணப்பங்களைப் பரிசீலிப்பதும், தகுதியுடையோருக்குப் பரிந்துரைப்பதும், ஏற்க இயலாதவற்றைக் காரணம் எழுதித் திருப்பி அனுப்புவதும் என் அன்றாட வேலை. கணவருக்கு அமெரிக்காவில் பணி கிடைத்ததை ஒட்டி வேலையைத் துறந்து, மகளுடன் சிகாகோ நகரின் புறநகர்ப் பகுதி ஒன்றில் குடியேறினேன். அங்கு சென்ற ஐந்தாம் மாதத்தில் எனக்கு ஒரு கடிதம் வந்தது. கடன் அட்டை கேட்டு நான் அளித்திருந்த விண்ணப்பத்தை ஏற்க இயலவில்லை என்று ஒரு வங்கி தெரிவித்திருந்தது. அத்தகைய கடிதங்களை எத்தனையோ பேருக்கு நான் எழுதியிருக்கிறேன். எனக்கென்று ஒன்று வந்தது அதுவே முதல் முறை.

கடன் அட்டை இல்லாதது ஒரு குறையா என்று வாசகர்கள் கேட்கலாம். கடன் வாங்காமல் வாழ்வதே கௌரவம் என்று சொல்லி வளர்க்கப்பட்ட தலைமுறையைச் சேர்ந்தவள்தான் நானும். ஆனால், அமெரிக்காவில் அந்த அட்டை கடன் வாங்குவதற்கான கருவி மட்டுமன்று. இவரை நம்பலாம் என்பதற்கான அத்தாட்சியும் அதுவே. வீட்டை வாடகைக்கு விடுபவர் விண்ணப்பதாரரின் கடன் வரலாற்றைப் பார்க்கிறார். கைப்பேசி நிறுவனமும் மின்சார நிறுவனமும் முன்பணம் கேட்பதா வேண்டாமா என்பதை அதைக் கொண்டு முடிவு செய்கின்றன. பல மாநிலங்களில் வாகனக் காப்பீட்டுக்கான கட்டணம்கூட அதை ஒட்டி ஏறி இறங்குகிறது. அன்றாட வாழ்க்கையின் பல கதவுகளுக்கு அதுவே சாவி.

இதை நான் புரிந்துகொண்டது ஓர் இரவில். என் மாமனார் காலமான செய்தி கேட்டுக் கணவர் அவசரமாக மதுரைக்குப் புறப்பட்டுச் சென்றிருந்தார். ஏற்கெனவே ஒப்புக்கொண்டிருந்த பள்ளிப் போட்டி ஒன்றுக்காக நானும் மகளும் வேறொரு நகருக்குச் செல்ல வேண்டியிருந்தது. இரவு ஒன்பது மணிக்கு விடுதி வரவேற்பறையில் என் அட்டையை நீட்டினேன். அது கணவரின் கணக்கில் எனக்கு வழங்கப்பட்ட இணைப்பு அட்டை. ஏற்கப்படவில்லை. இந்தியாவில் திடீரென நடந்த செலவுகளைக் கண்டு ஐயுற்ற வங்கி, கணவரின் கணக்கை முடக்கியிருந்தது; அத்துடன் என் அட்டையும் செயலிழந்துவிட்டது. வங்கியைத் தொலைபேசியில் அழைத்தேன். கணக்கின் முதன்மை உரிமையாளருடன் மட்டுமே பேச முடியும் என்றார்கள். அவரோ ஈமச் சடங்கில் இருந்தார்.

கூட்டுக் கணக்கின் பற்று அட்டை கையில் இருந்தது. கணக்கில் பணமும் இருந்தது. ஆயினும், முன்பதிவுக்குக் கடன் அட்டையை மட்டுமே ஏற்பது அந்த விடுதியின் விதி. பணத்தை ரொக்கமாகவே தருகிறேன் என்று சொல்லியும் பயனில்லை. இறுதியில் அறிமுகமாகி மூன்றே மாதங்கள் ஆகியிருந்த ஒரு தோழி, தன் அட்டையின் எண்ணை விடுதிக்கு அளித்து எங்களுக்கு அறை பெற்றுத் தந்தார். அவர் என்னிடம் எந்தச் சான்றையும் கேட்கவில்லை. "அம்மா, உங்ககிட்டதான் பணம் இருக்கே, அப்புறம் ஏன் குடுக்க மாட்டேங்கறாங்க?" என்று மகள் கேட்டாள். பதினாறு ஆண்டுகள் வங்கியில் இருந்தவளுக்கு அவள் கேட்ட கேள்விக்கு உடனே விடை சொல்லத் தெரியவில்லை.

ஊர் திரும்பியதும் என் பெயரில் தனியாக ஓர் அட்டை பெற்றே தீர்வது என்று விண்ணப்பித்தேன். அதற்கு வந்த பதில்தான் மேலே குறிப்பிட்ட கடிதம். அதில் இரு காரணங்கள் இருந்தன. போதிய கடன் வரலாறு இல்லை என்பது ஒன்று. அளிக்கப்பட்ட விவரங்களைக் கொண்டு அடையாளத்தைச் சரிபார்க்க இயலவில்லை என்பது மற்றொன்று. நான் வாங்கிய கடனைத் திருப்பித் தராதவள் என்று அக்கடிதம் சொல்லவில்லை. அந்நாட்டின் ஏடுகளில் என் பெயரே இல்லை என்றுதான் சொன்னது. கெட்ட பெயரை நல்ல பெயராக மாற்றிக்கொள்ள வழியுண்டு. பெயரே இல்லாதவர் எங்கிருந்து தொடங்குவது?

ஒரு நியாயத்தை இங்கே சொல்லியாக வேண்டும். காரணம் எழுதப்பட்ட கடிதம் எனக்குக் கிடைத்ததே ஒரு சட்டத்தின் பயன். 1974-இல் இயற்றப்பட்ட சமக் கடன் வாய்ப்புச் சட்டம், விண்ணப்பத்தை நிராகரிக்கும் நிறுவனம் 30 நாள்களுக்குள் அதைத் தெரிவிக்க வேண்டும் என்றும், காரணத்தை அறியும் உரிமை விண்ணப்பதாரருக்கு உண்டு என்றும் விதித்தது. அச்சட்டம் வருவதற்கு முன்பு, சொந்தமாகச் சம்பாதிக்கும் பெண்களிடம்கூடக் கணவரின் கையொப்பத்தைக் கேட்பது அமெரிக்க வங்கிகளின் வழக்கம். பாலினம், மணவாழ்க்கை நிலை ஆகியவற்றைக் காட்டிக் கடன் மறுப்பதை முதலில் அச்சட்டம் தடுத்தது. இனம், நிறம், மதம், பிறந்த நாடு, வயது ஆகியவை 1976-இல் சேர்க்கப்பட்டன. எனினும், விண்ணப்பதாரரின் குடியேற்ற நிலையைக் கடன் நிறுவனம் கணக்கில் கொள்ளலாம் என்று அதன் விதிமுறைகள் அனுமதிக்கின்றன. நாளை நாட்டைவிட்டுப் போய்விடக் கூடியவரிடம் கடனை எப்படி வசூலிப்பது என்ற கவலைக்கு இடமளிக்கும் விதி அது.

கடன் மதிப்பெண் என்ற ஏற்பாட்டுக்கும் ஒரு நியாயமான பின்னணி உண்டு. 1899-இல் அட்லாண்டாவில் தொடங்கப்பட்டு, பின்னாளில் ஈக்விஃபாக்ஸ் என்று பெயர் மாற்றிக்கொண்ட நிறுவனத்தின் ஆட்கள், ஒருவரைப் பற்றி அக்கம்பக்கத்தாரிடம் விசாரித்து, அவருடைய பழக்கவழக்கங்களையும் குடும்ப வாழ்க்கையையும் எழுதிவைத்தனர். அந்தக் குறிப்பில் என்ன இருக்கிறது என்பதை உரியவர் அறிய முடியாது. அதற்கு எதிராக எழுந்த குரல்களின் விளைவே 1970-இல் வந்த நியாயமான கடன் அறிக்கைச் சட்டம். பொறியாளர் பில் ஃபேரும் கணிதவியலாளர் எர்ல் ஐசக்கும் 1956-இல் தொடங்கிய நிறுவனம் வடிவமைத்த பொதுவான கடன் மதிப்பெண் 1989-இல் புழக்கத்துக்கு வந்தது. அந்த மதிப்பெண்ணுக்கு முகம் தெரியாது. நிறமும் மொழியும் தெரியாது. மேலாளரின் மனச்சாய்வுக்குப் பதிலாக ஒருவரின் கடந்தகால நடத்தை பேச வேண்டும் என்பதே அதன் தத்துவம். அதில் பழுதில்லை. கடந்தகாலம் வேறொரு நாட்டில் கழிந்தவரைப் பற்றி மட்டும் அது யோசிக்கவில்லை.

அந்த மதிப்பெண் எவ்வாறு கணக்கிடப்படுகிறது என்பதை வெளிநாடு செல்லும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும். 300 முதல் 850 வரை அதன் எல்லை. தவணைகளை உரிய நாளில் செலுத்தினோமா என்பதற்கு 35 விழுக்காடு முக்கியத்துவம். அளிக்கப்பட்ட கடன் வரம்பில் எவ்வளவைப் பயன்படுத்துகிறோம் என்பது உள்ளிட்ட நிலுவை விவரங்களுக்கு 30 விழுக்காடு. கணக்குகளின் வயதுக்கு 15, புதிதாகக் கேட்ட கடன்களுக்கு 10, கடன்களின் வகைகளுக்கு 10. இந்தக் கணக்கில் வருமானத்துக்கு இடமே இல்லை. வங்கியில் உள்ள சேமிப்புக்கும் இடமில்லை. மேலும், குறைந்தது ஆறு மாதம் பழமையான ஒரு கடன் கணக்காவது இருந்தால்தான் மதிப்பெண்ணே பிறக்கும். கடன் பெற மதிப்பெண் வேண்டும். மதிப்பெண் பெறக் கடன் வேண்டும். கைநிறையச் சம்பளத்துடன் வந்திறங்கும் பொறியாளரும் இந்த வட்டத்துக்குள் சிக்குவது இதனால்தான்.

மதுரையில் எனக்கு ஒரு வீட்டுக் கடன் இருந்தது. அதைத் தவணை தவறாமல் அடைத்து முடித்திருந்தேன். கடன் அட்டை ஒன்றைப் பதினோர் ஆண்டுகள் பயன்படுத்தியிருந்தேன். அந்த விவரங்கள் எல்லாம் இந்தியாவின் கடன் தகவல் நிறுவனங்களில் பதிவாகியுள்ளன. இங்கே ஒரு விந்தை இருக்கிறது. 2000-இல் தொடங்கப்பட்ட சிபில் நிறுவனத்தின் பெரும்பான்மைப் பங்குகள் இன்று டிரான்ஸ்யூனியன் நிறுவனத்திடம் உள்ளன. அதன் தலைமையகம் இருப்பது சிகாகோவில். என் வீட்டிலிருந்து ரயிலில் ஒரு மணி நேரத் தொலைவில். இந்தியாவில் இயங்கும் நான்கு கடன் தகவல் நிறுவனங்களில் மூன்றின் பெயர்களும் அமெரிக்காவின் மூன்று பெரு நிறுவனங்களின் பெயர்களும் ஒன்றே. பெயர்ப் பலகை ஒன்றாக இருந்தும், அங்குள்ள என் ஏட்டை இங்குள்ள வங்கி புரட்டிப் பார்க்க முடியவில்லை.

இதற்கு அந்நிறுவனங்களைக் குறைகூறிப் பயனில்லை. தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. இந்தியாவில் கடன் தகவல் நிறுவனங்கள் ஒழுங்காற்றுச் சட்டம், 2005, ஒருவரின் கடன் விவரத்தை யார் பெறலாம் என்பதை வரையறுக்கிறது. அமெரிக்காவுக்கு அதன் சொந்தச் சட்டம். தனிமனிதரின் விவரங்கள் எல்லை தாண்டக் கூடாது என்பதில் நியாயமும் உண்டு. அடுத்து, அடையாளச் சிக்கல். இந்தியாவில் என் கடன் வரலாறு வருமான வரிக்கான பான் எண்ணுடன் பிணைக்கப்பட்டிருக்கிறது. அமெரிக்காவில் அது சமூகப் பாதுகாப்பு எண்ணுடன் பிணைக்கப்படுகிறது. இரண்டும் ஒரே மனிதருடையவை என்று சொல்ல எந்த ஏடும் இல்லை. தந்தையின் பெயரைத் தலைப்பெழுத்தாகக் கொள்ளும் நம் வழக்கத்தால், கடவுச்சீட்டில் ஒரு விதமாகவும் வங்கிக் கணக்கில் வேறு விதமாகவும் பெயர் நிற்பது சிக்கலைக் கூட்டுகிறது. அளவுகோலும் வேறு: சிபில் மதிப்பெண்ணின் உச்சம் 900, அமெரிக்க மதிப்பெண்ணின் உச்சம் 850.

எனக்கு வந்த கடிதத்தின் இரண்டாவது காரணம் இந்த அடையாளச் சிக்கலைச் சேர்ந்தது. எச்-1பி விசாவில் செல்லும் என் கணவருக்குச் சமூகப் பாதுகாப்பு எண் கிடைத்தது. அவரைச் சார்ந்து எச்-4 விசாவில் செல்லும் மனைவிக்கு, பணிபுரிய அனுமதி இல்லாதவரை அந்த எண் கிடையாது. நிரந்தரக் குடியுரிமைக்கான நடைமுறையில் குறிப்பிட்ட கட்டத்தை எட்டியவர்களின் துணைவருக்கு 2015 முதல் பணி அனுமதி பெறும் வாய்ப்பு உண்டு. அதுவரை அவர் வீட்டில்தான் இருக்க வேண்டும். சொந்த ஊரில் மருத்துவராகவும் ஆசிரியையாகவும் பொறியாளராகவும் இருந்த எத்தனையோ பெண்களை அங்கே இந்த நிலையில் சந்தித்தேன். அவர்களது இணைப்பு அட்டை கணவரின் அட்டையின் நிழல். கணவர் நல்லவராக இருக்கும்வரை அது போதும். கணவருக்கு விபத்து நேர்ந்தால், அவர் இறந்தால், அல்லது அவரைவிட்டு விலக வேண்டிய கட்டாயம் வந்தால், ஒரு பெண் அந்நிய மண்ணில் அன்றிரவு தங்க ஓர் அறைகூட எடுக்க இயலாதவளாக நிற்பாள். ஓர் இரவு அப்படி நின்றவள் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

ஆனால், வழிகள் அடைபட்டுவிடவில்லை. சமூகப் பாதுகாப்பு எண் பெற இயலாதவர்கள், வரி செலுத்துவோருக்கான தனி அடையாள எண்ணைப் பெறலாம். ஐடிஐஎன் என்று வழங்கப்படும் அந்த ஒன்பது இலக்க எண், 9 என்ற இலக்கத்தில் தொடங்கும். கணவருடன் கூட்டாக வருமான வரிக் கணக்கைத் தாக்கல் செய்யும்போது, டபிள்யூ-7 என்னும் படிவத்தை இணைத்து அதைக் கோரலாம். அது வரிப் பணிக்கான எண்ணே எனினும், பல வங்கிகள் கடன் அட்டை விண்ணப்பத்தில் அதை ஏற்கின்றன. சொந்த வருமானம் இல்லையே என்ற தயக்கமும் வேண்டாம். 21 வயது நிறைந்த ஒருவர், தாம் பயன்படுத்திக்கொள்ளும் உரிமையுள்ள குடும்ப வருமானத்தை விண்ணப்பத்தில் குறிப்பிடலாம் என்று 2013-இல் விதி திருத்தப்பட்டது. அதற்கு முன்பு இருந்த விதி சொந்த வருமானத்தையே வலியுறுத்தியது. வீட்டில் இருக்கும் மனைவியரை அது கடன் சந்தையிலிருந்து விலக்குகிறது என்ற எதிர்ப்பு எழுந்ததால் மாற்றப்பட்டது.

நான் சென்ற வழி இதுதான். முதலில் ஐடிஐஎன் பெற்றேன். கணவரின் கணக்கில் என் இணைப்பு அட்டையைத் தொடர்ந்தேன். வாழ்க்கைத் துணைக்கு வழங்கப்படும் இணைப்பு அட்டையின் வரலாறு இருவர் பெயரிலும் பதிவாக வேண்டும் என்பது அங்குள்ள விதி. அதன் பின்னர், 500 டாலரை ஒரு வங்கியில் வைப்புத் தொகையாகச் செலுத்தி, அதே அளவு வரம்புள்ள பிணை அட்டை ஒன்றைப் பெற்றேன். நம் ஊரில் நிரந்தர வைப்பை ஈடாக வைத்துத் தரப்படும் அட்டையைப் போன்றது அது. வங்கிக்கு அதில் இழப்பு அபாயம் மிகக் குறைவு. எனக்குக் கிடைத்ததோ கடன் வசதி அன்று; என் பெயரில் ஓர் ஏடு. மாதந்தோறும் மளிகைக்காக 100 டாலர் அளவுக்குச் செலவிட்டு, முழுத் தொகையையும் உரிய நாளுக்கு முன்பே செலுத்தினேன். ஏழாவது மாதம் எனக்கு ஒரு மதிப்பெண் பிறந்தது. ஓராண்டு கழிந்ததும் அந்த வங்கி வைப்புத் தொகையைத் திருப்பித் தந்து, சாதாரண அட்டையாக மாற்றிக் கொடுத்தது.

இந்தப் பயணத்தில் நான் செய்த பிழைகளையும் சொல்வது நலம். முதல் நிராகரிப்புக்குப் பின் பதற்றத்தில் அடுத்தடுத்து இரண்டு வங்கிகளில் விண்ணப்பித்தேன். ஒவ்வொரு விண்ணப்பமும் ஒரு விசாரணையாகப் பதிவாகி, ஈராண்டுகள் கடன் அறிக்கையில் நிற்கும் என்பதைப் பிறகே அறிந்தேன். வரம்பில் 30 விழுக்காட்டுக்குள் நிலுவையை வைத்திருப்பது நல்லது என்பார்கள். பெரும்பாலும் மாதக் கணக்கு முடிக்கப்படும் நாளில் உள்ள நிலுவையே பதிவாகிறது என்பதால், முழுமையாகச் செலுத்துபவருக்கும் அந்நாளில் நிலுவை மிகுந்து காணப்படலாம். 30 நாள்களுக்கு மேல் தாமதமான தவணை ஏழு ஆண்டுகள் அறிக்கையில் தங்கும். தானியங்கிச் செலுத்துமுறையை ஏற்படுத்திக்கொள்வதே பாதுகாப்பு. மூன்று நிறுவனங்களிடமிருந்தும் தம் கடன் அறிக்கையைக் கட்டணமின்றிப் பெறும் உரிமை அனைவருக்கும் உண்டு. அதில் பெயரும் முகவரியும் சரியாக உள்ளனவா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்தில் சமூகப் பாதுகாப்பு எண் கிடைத்தால், பழைய எண்ணின்கீழ்ச் சேர்ந்த வரலாற்றைப் புதிய எண்ணுடன் இணைக்கும்படி நாமே எழுதிக் கேட்க வேண்டும். இல்லையேல், சேர்த்த நாணயம் மறுபடியும் தொலைந்துபோகும்.

பிற நாடுகளிலும் இந்தச் சிக்கல் வெவ்வேறு வடிவங்களில் இருக்கிறது. பிரிட்டனில் வாக்காளர் பட்டியலில் பெயர் இருப்பது முகவரியை உறுதிசெய்யும் சான்றாகக் கொள்ளப்படுகிறது. காமன்வெல்த் நாடுகளின் குடிமக்கள் அங்கு முறையான அனுமதியுடன் வசித்தால், வாக்காளர்களாகப் பதிவு செய்துகொள்ளலாம். இந்தியரும் இலங்கையரும் இதில் அடங்குவர். இதை அறியாமல் கடன் மறுக்கப்பட்டுத் தவிப்பவர்கள் பலர். கனடாவில் பல வங்கிகள், உள்நாட்டுக் கடன் வரலாறு இல்லாத புதிய குடியேறிகளுக்கெனத் தனித் திட்டத்தில் அட்டை வழங்குகின்றன. சிங்கப்பூரில் வங்கிகள் குடிமக்களிடம் கேட்பதைவிடக் கூடுதலான ஆண்டு வருமானத்தை வெளிநாட்டவரிடம் எதிர்பார்க்கின்றன. வளைகுடா நாடுகளில் மாதச் சம்பளமும் பணிபுரியும் நிறுவனத்தின் தரமும் முக்கிய அளவுகோல்கள். எங்கும் பொதுவாக இருப்பது ஒன்றுதான்: வந்தவர் பிறந்த நாட்டில் எப்படி வாழ்ந்தார் என்று எவரும் கேட்பதில்லை.

தமிழில் நாணயம் என்ற சொல் காசையும் குறிக்கும். கொடுத்த வாக்கைக் காக்கும் நேர்மையையும் குறிக்கும். நம் முன்னோர் இவ்விரண்டையும் ஒருசேரக் கடல் கடத்தியிருக்கிறார்கள். பர்மா, மலாயா, இலங்கை, இந்தோசீனா எனப் பரவித் தொழில் செய்த நகரத்தார் எழுதித் தந்த உண்டியல் சீட்டுக்கு, கடலுக்கு அப்பாலும் இப்பாலும் மதிப்பு இருந்தது. ஒரு கடையின் பெயரே அதற்கு ஈடு. எனக்காக விடுதிக்குத் தன் அட்டை எண்ணைச் சொன்ன தோழியின் செயலும் அந்த மரபின் எச்சம்தான். ஆயினும், அந்த நம்பிக்கை வட்டத்துக்கு உள்ளே இருந்தவர்களுக்கே அது பயன்பட்டது. உறவோ சமூகத் தொடர்போ இல்லாதவர் அன்றும் வெளியேதான் நின்றார். எனவே, பழைய வழிக்குத் திரும்புவது தீர்வாகாது. யாருடைய பரிந்துரையும் இன்றி ஒருவரின் நடத்தையே பேசும் மதிப்பெண் முறையை, எல்லை தாண்டியும் பேச வைப்பதே தீர்வு.

அது இயலாத காரியமும் அன்று. இந்தியாவின் யுபிஐ, சிங்கப்பூரின் பேநவ் ஆகிய இரு முறைகளும் 2023 பிப்ரவரியில் இணைக்கப்பட்டன. கைப்பேசி வழியே சில நொடிகளில் பணம் கடல் கடக்கிறது. வெளிநாடுவாழ் இந்தியர் 2022-இல் தாய்நாட்டுக்கு அனுப்பிய தொகை 11,100 கோடி டாலர் என்கிறது உலக வங்கி. பணத்துக்குப் பாதை போட்ட நாம், நற்பெயருக்கும் ஒரு பாதை போட வேண்டும். உரியவரின் ஒப்புதலுடன் அவரது இந்தியக் கடன் வரலாற்றைப் பெற்று, அமெரிக்க நிறுவனங்களுக்குப் புரியும் வடிவில் தரும் பணியை நோவா கிரெடிட் போன்ற நிறுவனங்கள் தொடங்கியுள்ளன. அமெரிக்கன் எக்ஸ்பிரஸ் நிறுவனம் 2019 முதல் இந்தியா உள்ளிட்ட சில நாடுகளிலிருந்து வருவோருக்கு இம்முறையில் விண்ணப்பிக்க வழி செய்தது. தனியார் தொடங்கிய இந்தச் சிறு வழி பொதுவழியாக வேண்டும். ரிசர்வ் வங்கி 2016-இல் விதிமுறை வகுத்து, 2021 முதல் வங்கிகளிடையே இயங்கிவரும் கணக்குத் திரட்டி அமைப்பு, ஒருவரின் ஒப்புதலுடன் அவருடைய நிதி விவரங்களை நிறுவனங்களிடையே பகிர வகைசெய்கிறது. இந்தியா பிற நாடுகளுடன் வர்த்தகம், தொழிலாளர் இடப்பெயர்வு ஆகியவை குறித்துப் பேசும்போது, இதே ஒப்புதல் முறையைக் கடன் வரலாற்றுக்கும் விரிவுபடுத்தக் கோரலாம். ஒப்புதல் இல்லாமல் ஒரு வரியும் எல்லை தாண்டக் கூடாது என்பதையும் அதில் உறுதிசெய்ய வேண்டும்.

அதுவரை, புறப்படும் முன்பே நாம் செய்துகொள்ள வேண்டியவை சில உண்டு. இந்தியாவில் நிலுவைகளைத் தீர்த்து, கடன் அறிக்கையைப் பெற்றுக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும். கடவுச்சீட்டு, பான், வங்கிக் கணக்கு ஆகியவற்றில் பெயரை ஒரே விதமாக அமைத்துக்கொள்ள வேண்டும். இங்குள்ள பழைய கணக்குகளை அவசரப்பட்டு மூட வேண்டாம். திரும்பி வரும்போது அமெரிக்க மதிப்பெண் இங்கே உதவாது. எல்லாவற்றுக்கும் மேலாக, வெளிநாடு செல்லும் தம்பதியர் மனைவியின் பெயரில் தனியாகக் கணக்கும் அட்டையும் இருப்பதை முதல் ஆண்டிலேயே உறுதிசெய்துகொள்ள வேண்டும். இதைக் கணவர்மீதான அவநம்பிக்கையாக எவரும் கருத வேண்டியதில்லை. கணவர் வண்டி ஓட்டுவார் என்பதற்காக மனைவி வண்டி ஓட்டக் கற்காமல் இருப்பதில்லை.

அந்தக் கடிதம் இன்றும் என்னிடம் இருக்கிறது. அதைப் பார்க்கும்போதெல்லாம் மதுரைக் கிளையில் என் மேசைக்கு எதிரே அமர்ந்திருந்த ஒரு பூ வியாபாரியின் நினைவு வருகிறது. கடையை விரிவாக்க 25,000 ரூபாய் கேட்டு வந்திருந்தார். இருபது ஆண்டுகளாக மொத்த வியாபாரியிடம் காலையில் கடனுக்குப் பூ வாங்கி, மாலையில் கணக்குத் தீர்த்து வந்தவர். அதை அவர் சொல்லியும், "கடன் வரலாறு இல்லை" என்று விண்ணப்பத்தின் ஓரத்தில் எழுதினேன். விதிப்படி அது சரியான குறிப்பு. "நான் யாரையும் ஏமாத்துனதில்லையேம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்து போனார். பின்னாளில், 2020-இல் வந்த பிரதமரின் ஸ்வநிதி திட்டம், அவரைப் போன்ற தெருவோர வியாபாரிகளுக்கு ஈடு கேட்காமல் முதலில் 10,000 ரூபாய் தந்து, அதைத் திருப்பிச் செலுத்தியவருக்கு அடுத்து இருமடங்கு என்ற ஏணியை அமைத்தது. எனக்குச் சிகாகோவில் 500 டாலர் அட்டை எப்படியோ, அப்படித்தான் அதுவும். ஏட்டில் பெயர் இல்லாதவரிடம் முதலில் ஒரு சிறு தொகையை நம்பிக் கொடுத்துப் பார்ப்பதைத் தவிர, அவரது நாணயத்தை அறிய வேறு வழி கிடையாது. அந்தப் பூ வியாபாரிக்கு நான் அதைச் செய்திருக்க வேண்டும்.